வீட்டிலிருந்து கால் எடுக்க ஹெட்செட்: குறைந்த விலையில் நல்லதாகப் பார்த்து வாங்குவது எப்படி?

“மேடம், பஸ்ஸுல போய்க்கிட்டே பேசறீங்களா?”

கேட்டவர் திருநெல்வேலிக்காரர். கிரெடிட் கார்டு பில்லில் ஏதோ கட்டணம் கூடுதலாக வந்திருக்கிறது என்று நான் வேலை பார்க்கும் கால் சென்டருக்குக் கூப்பிட்டிருந்தார். நான் பஸ்ஸில் இல்லை. மதுரையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காதில் இருந்தது பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வாங்கிய இயர்போன். அவர் குரல் எனக்குக் கணீரென்று கேட்டது.

அந்த மாதக் கடைசியில், நாங்கள் பேசும் தரத்தைச் சரிபார்க்கும் கியூ.ஏ. பிரிவில் இருந்து அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். மின்விசிறிக் காற்று மைக்கில் மோதி ‘புர்ர்’ என்று ஓயாமல் ஓடியது. துப்பட்டா ஒயரில் உரசும்போதெல்லாம் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். நடுவில் சமையலறை மிக்சி. என் குரல் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. பாவம் அந்த மனிதர், பஸ் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

ஹெட்செட் வாங்கும்போது நாம் எல்லோரும் செய்கிற தவறு இது. கடையில் மாட்டிப் பார்த்து, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டு, சவுண்டு நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறோம். வாய்ஸ் ப்ராசஸ், அதாவது வாடிக்கையாளரோடு போனில் பேசுகிற வேலைக்கு ஹெட்செட் வாங்குவது எதிர்முனையில் இருப்பவரின் காதுக்காக. நம் காதுக்கு வேண்டியது எட்டு மணி நேரம் வலிக்காமல் இருப்பது. இந்த இரண்டுக்கு மட்டும் காசு கொடுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் மற்ற எதற்கும் கொடுக்க வேண்டாம். இப்படிப் பார்த்தால் சுமார் இரண்டாயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்: ஆபீஸில் கேளுங்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்பெனி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அதுவரை கால் சென்டர் ஆட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் லேசில் இடம் கொடுக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள், 2021 ஜூனில் இன்னும் தளர்த்தினார்கள். அதனால் இன்று சின்ன ஊர்களில் இருந்தும் நிறையப் பேர் கால் எடுக்கிறார்கள். ஆனால் கருவி விஷயத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

டீம் லீடரிடமோ ஐ.டி. ஆட்களிடமோ நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கடைப்பக்கம் போக வேண்டும். ஹெட்செட்டைக் கம்பெனியே தருமா, அல்லது வாங்கினால் பில்லுக்குப் பணம் திரும்ப வருமா? யூ.எஸ்.பி.தான் வேண்டுமா, சாதாரண ஜாக் போதுமா? ப்ளூடூத்துக்கு அனுமதி உண்டா? கம்பெனி லேப்டாப்பில் யூ.எஸ்.பி. துளைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் பென் டிரைவைத்தான் தடுத்திருப்பார்கள், ஹெட்செட் வேலை செய்யும். ஆனால் சில இடங்களில் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டும்தான் கணினி ஏற்கும். அங்கே போய் வேறு மாடலைச் செருகினால் காசு தண்டம்.

இன்னொன்று. புது வேலைக்குச் சேர்கிறவர்களிடம் ‘ஹெட்செட், லேப்டாப் அனுப்புகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் அந்த வேலையே வேண்டாம் என்று வையுங்கள். வேலை கொடுக்கிற கம்பெனி நம்மிடம் காசு கேட்காது. தெரியாமல் கட்டிவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், அது சைபர் மோசடிக்கான உதவி எண்.

ஜாக்கா, யூ.எஸ்.பி.யா, ப்ளூடூத்தா?

என் பதில் யூ.எஸ்.பி. ஒயர் உள்ளது. ஏன் என்று சொல்கிறேன்.

3.5 மி.மீ. ஜாக் உள்ள ஹெட்செட்தான் விலை குறைவு. அதில் குரலை டிஜிட்டலாக மாற்றுகிற வேலையை உங்கள் கணினியின் உள்ளே இருக்கும் ஒலி அமைப்பு செய்கிறது. கணினி பழசாக இருந்தால் ஒரு மெல்லிய இரைச்சல் கூடவே வரும். சார்ஜர் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் சேர்ந்துகொள்வதும் உண்டு, முக்கியமாக எர்த் சரியில்லாத வீடுகளில். இத்தோடு ஜாக் பொருந்துகிறதா என்ற தலைவலி வேறு. லேப்டாப்பில் ஒரே துளைதான் இருக்கும், அதற்கு முனையில் மூன்று கருப்பு வளையம் போட்ட, நான்கு தொடுபகுதி உள்ள ஜாக் வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் பச்சை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று என்று இரண்டு துளை. பச்சை காதுக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றில் மாட்ட ‘ஒய்’ வடிவ ஒயர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். லாஜிடெக்கின் ஹெச்110, ஹெச்111 இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். முதலாவதில் இரண்டு ஜாக், இரண்டாவதில் ஒன்று. எண்ணைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் ஏராளம்.

யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் அந்த மாற்றும் வேலையை அதற்குள்ளேயே இருக்கும் சின்னச் சில்லு செய்துவிடுகிறது. கணினி எவ்வளவு பழசாக இருந்தாலும் கவலை இல்லை. செருகினால் போதும், தனியாக மென்பொருள் எதுவும் ஏற்ற வேண்டாம். கம்பெனி லேப்டாப்பில் எதையும் ஏற்ற நமக்கு அனுமதி இருக்காது என்பதால் இது பெரிய வசதி. உங்கள் லேப்டாப்பில் தட்டையான பழைய துளை இருக்கிறதா, சின்ன நீள்வட்ட டைப்-சி மட்டும்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாட்டுக் கேட்கும்போது அது ஒரு முறையில் இயங்குகிறது, மைக்கை இயக்கியதும் வேறு முறைக்குத் தாவுகிறது. பாட்டு ஓடும்போது தேனாக ஒலித்த இயர்பட், கால் எடுத்ததும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல ஆவது அதனால்தான். ஒரே அலைவரிசையில் போக வர இரண்டு பக்கமும் ஒலி போக வேண்டியிருப்பதால் குரலை நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருக்கிவிடுகிறது. எல்.இ. ஆடியோ என்ற புது முறையில் இந்தக் குறை பெரிதும் தீர்ந்திருக்கிறது. ஆனால் ஹெட்செட், கணினி இரண்டும் அதற்குத் தோதாக இருந்தால்தான் பலன். குறைந்த பட்ஜெட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, ஒலியைக் கூட விடுங்கள். ஷிப்ட் நடுவில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டில் யாராவது உங்கள் இயர்பட்டைத் தங்கள் போனோடு இணைத்துவிட்டால்? ஒயர் அறுந்தால் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். ப்ளூடூத் மக்கர் செய்தால் காரணம் தேடுவதற்குள் மூன்று கால் கை நழுவியிருக்கும்.

மைக்: காசு போக வேண்டிய இடம்

வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிற தண்டு உள்ள மைக்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கணக்கு எளிது. வாயிலிருந்து மைக் தள்ளிப் போகப் போகக் குரலின் பலம் சரசரவென்று குறையும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் இறங்கும். தண்டு மைக் வாயிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். இயர்போன் ஒயரில் தொங்கும் மைக் சட்டைக் காலரையும் தாண்டி 25 செ.மீ. தூரத்தில் இருக்கும். பத்து மடங்கு தூரம், 20 டெசிபெல் இறக்கம். ஆனால் மின்விசிறியும் மிக்சியும் தெருவில் ‘பழைய இரும்பு, பழைய பேப்பர்’ என்று போகிறவரும் இரண்டு மைக்குக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் குரல் மட்டும் சின்னதாகி, ஊர்ச் சத்தம் அப்படியே இருக்கும். என்னுடைய பஸ் பயணத்தின் ரகசியம் இதுதான்.

அடுத்து, பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. அதில் இரண்டு வகை. ஏ.என்.சி. என்பது வெளிச்சத்தம் உங்கள் காதுக்குள் வராமல் தடுப்பது. நாய்ஸ் கேன்சலிங் மைக் என்பது உங்கள் வீட்டுச் சத்தம் வாடிக்கையாளரின் காதுக்குப் போகாமல் தடுப்பது. விலையை ஏற்றுவது முதலாவது, நம் வேலைக்கு உதவுவது இரண்டாவது. ஏ.என்.சி.க்காக ஐயாயிரம் கொடுத்து வாங்கிய ஹெட்போனில் தண்டு மைக்கே இல்லை என்று பிறகு தெரிந்து நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விவரக்குறிப்பில் ‘ஒருதிசை மைக்’ என்ற பொருளில் யூனி-டைரக்ஷனல் என்று இருந்தால் நல்லது, ஆம்னி என்றால் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் அள்ளும்.

‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது மனிதக் காது கேட்கிற முழு எல்லை. சாதாரணத் தொலைபேசி இணைப்பில் போவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி அழைப்பு என்றால் 7,000 வரை போகலாம். ‘எஃப்’ என்று சொன்னால் ‘எஸ்’ என்று காதில் விழுவது இதனால்தான். அந்த இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டுகிற சீறல் ஒலி பெரும்பகுதி 3,400-க்கு மேலே இருக்கிறது, போன் அதை வெட்டிவிடுகிறது. ‘எஸ் ஃபார் சுகர்’ என்று நாம் நாள் முழுக்கக் கத்துவதற்கு ஹெட்செட் காரணம் இல்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் அது தீராது.

மைக்கை எங்கே வைப்பது என்பதும் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் சில மலிவு மாடல்களில் தண்டு வளையாது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று இரண்டு முறை மோதும். இப்போது கையை மெல்லக் கன்னத்துப் பக்கம் நகர்த்திக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உதட்டோரத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரல் அகலத் தள்ளி ஓர் இடத்தில் காற்று படுவது நின்றுவிடும். மைக் நிற்க வேண்டிய இடம் அது. தண்டு அங்கே வரை வளைந்து, வைத்த இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நேராக வாய்க்கு முன்னால் வைத்தால் நீங்கள் ‘பில்’, ‘பேமென்ட்’ என்று சொல்லும்போதெல்லாம் வாடிக்கையாளர் காதில் பட்டாசு வெடிக்கும்.

தண்டு இடது பக்கமும் வலது பக்கமும் சுழன்று வருவதாக இருந்தால் கூடுதல் வசதி. நான் மின்விசிறிக் காற்று படாத பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி கூடவே வந்தால் கழற்றி எறியாதீர்கள்.

கேமிங் ஹெட்செட் வாங்கலாமா?

“அக்கா, 1,500 ரூபாய்க்கு கேமிங் ஹெட்செட் ஆஃபர்ல இருக்கு. லைட்டெல்லாம் எரியுது. வாங்கிடவா?” சித்தி மகன் கேட்டான். அவனும் ஒரு மொபைல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தான்.

“வேணாம்டா. அது உன் தலையில ஒரு தேங்காயை வச்ச மாதிரி இருக்கும்.”

கேட்கவில்லை, வாங்கினான். மைக் உண்மையில் மோசமில்லை. ஆனால் காதை முழுக்க மூடும் தடித்த ரெக்சின் மெத்தைக்குள் மே மாதத்தில் இரண்டு மணி நேரத்திலேயே வேர்வை வழிந்தது. பதினைந்து நாளில் என்னிடம் இருந்த பழைய ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு போனான். 50 மி.மீ. ஸ்பீக்கர், 7.1 சரவுண்ட் எல்லாம் சுடுகிற விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கண்டுபிடிக்க. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் இருந்து திட்டினாலும் நமக்கு ஒன்றுதான்.

காது, தலை, தோடு, எண்ணெய்

எட்டு மணி நேர விஷயம் என்பதால் எடை முக்கியம். கையில் எடுத்தாலே கனமாகத் தெரிந்தால் நாலாவது மணி நேரத்தில் கழுத்து சொல்லும்.

காதின் மேல் உட்காரும் சின்ன மெத்தை உள்ளது நம் ஊர் வெக்கைக்குத் தோது. காதை முழுக்க மூடுவது வெளிச்சத்தத்தைக் குறைக்கும், ஆனால் வேர்க்கும். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்கள் எதையும் வாங்கலாம். பஞ்சு மெத்தை காற்றோட்டமாக இருக்கும், அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம். ரெக்சின் மெத்தை துடைக்கச் சுலபம், ஆனால் ஒரு வருடத்தில் கருப்புக் கருப்பாக உதிர்ந்து காதெல்லாம் ஒட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் உதிரும். நான் தலைப்பட்டையில் ஒரு பழைய காட்டன் துணியைச் சுற்றித் தைத்துவிட்டேன், வாரம் ஒருமுறை பிரித்துத் துவைக்கிறேன்.

பெண்கள் கடையில் மாட்டிப் பார்க்கும்போது தினமும் போடுகிற தோட்டோடு மாட்டிப் பாருங்கள். திருகாணி காதுக்குப் பின்னால் குத்துவது முதல் அரை மணி நேரத்தில் தெரியாது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான ஹெட்செட் கண்ணாடிக் காம்பைப் பொட்டில் அழுத்தித் தலைவலி கொடுக்கும்.

ஒரு காதா, இரண்டு காதா? தனி அறை இருந்தால் ஒரு காது போதும், வேர்வையும் பாதி. வாசலில் சிலிண்டர்க்காரர் கூப்பிடுவது, குழந்தை அழுவது இரண்டும் மற்றக் காதில் விழும். கூட்டமான வீடு என்றால் இரண்டு காதும் மூடியிருப்பதே நல்லது, இல்லாவிட்டால் சத்தத்துக்குப் போட்டியாக வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். ஒரு காது மாடலைத் தேர்ந்தெடுத்தால் மதியத்துக்கு மேல் காதை மாற்றிப் போடுங்கள்.

வால்யூம் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவாகச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். நம் வேலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், வால்யூம் அந்த அளவில் இருந்தால் அந்த ஒதுக்கீடு ஆபீஸிலேயே தீர்ந்துவிடும். 3 டெசிபெல் ஏறினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். ஆகவே ஷிப்ட் முடிந்ததும் அதே காதில் பாட்டுப் போடுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. திடீரென்று வரும் ஃபேக்ஸ் கூச்சல், வாடிக்கையாளர் போனைக் கீழே போடும் சத்தம் இவற்றை 118 டெசிபெல்லுக்கு மேல் போகவிடாமல் வெட்டும் வசதி தொழில்முறை ஹெட்செட்களில் உண்டு. மூவாயிரத்துக்கு மேல் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான காரணங்களில் இது ஒன்று.

மியூட் பட்டன்

சின்ன விஷயம்தான், ஆனால் வேலையையே காவு வாங்கும்.

என் முதல் யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் மியூட் பட்டனை அழுத்தினாலும் விளக்கு எரியும், அழுத்தாவிட்டாலும் எரியும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்பு என்றால் மைக் அடைத்திருக்கிறதா, அல்லது ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது என்ற எச்சரிக்கையா? நான் தப்பாக நினைத்துக்கொண்டு, ஹோல்டில் போடாமல், “டேய், பால் பொங்குது பாரு, அடுப்பை அணை!” என்று மகனைப் பார்த்துக் கத்தினேன். மறுமுனையில் ஒரு பெரியவர் அமைதியாகச் சொன்னார்: “நீங்க மொதல்ல பாலைப் பாருங்கம்மா. என் ரீஃபண்ட் எங்கயும் ஓடிப் போகாது.”

எல்லோரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள். மியூட் பட்டன் ஒயரில், கண்ணால் பார்க்காமலே விரல் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அழுத்தினால் அழுத்தியது தெரிய வேண்டும். தண்டை மேலே தூக்கினால் தானாக மியூட் ஆகும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்டு எங்கே இருக்கிறது என்பதை வைத்தே தெரியும்.

கூடவே, பேசும்போது உங்கள் குரல் மெலிதாக உங்கள் காதிலும் கேட்கிறதா என்று பாருங்கள். இதை சைடு டோன் என்பார்கள். அது இல்லாத ஹெட்செட்டில், அதிலும் இரண்டு காதையும் மூடியது என்றால், நம்மை அறியாமல் கத்திப் பேசுவோம். சாயங்காலம் தொண்டை கட்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் வாடிக்கையாளரின் கதையெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

விலை மாதாமாதம் ஏறி இறங்கும், அதனால் சுமாராகத்தான் சொல்கிறேன். ஆயிரத்துக்குள் ஜாக் உள்ள ஹெச்111 போன்றவை கிடைக்கும். புதிதாகச் சேர்ந்து, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறவர்களுக்கு இது போதும். சென்னைக் கம்பெனியான ஜெப்ரானிக்ஸ் போன்றவற்றிலும் மலிவாக இருக்கின்றன. அங்கே மாடலுக்கு மாடல் தரம் மாறும், ஆகவே மைக்கைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய விலையில் லாஜிடெக் ஹெச்390 போன்ற யூ.எஸ்.பி. மாடல்கள். தண்டு மைக், ஒயரிலேயே வால்யூமும் மியூட்டும், இரண்டு காது. பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. இதன் தம்பி ஹெச்340-இல் ஒயரில் பட்டன் கிடையாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேட வேண்டியிருக்கும்.

அதற்கு மேலே ஜாப்ரா எவால்வ் 20, பாலியின் பிளாக்வயர் 3220 போன்ற தொழில்முறை மாடல்கள். பாலி என்பது பழைய பிளான்ட்ரானிக்ஸ்தான். 1969-இல் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங் பூமியோடு பேசியது அந்தக் கம்பெனி செய்த ஹெட்செட்டில். 2022-இல் அது எச்.பி. கைக்குப் போனது. இந்த மாடல்களில் ‘எம்.எஸ்.’, ‘யூ.சி.’ என்று இரண்டு வகை போட்டிருப்பார்கள். எம்.எஸ். என்பது மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கென்று சரிபார்த்தது, யூ.சி. என்பது மற்றச் செயலிகளுக்கும் பொதுவானது. உங்கள் ஆபீஸ் டீம்ஸில் ஓடவில்லை என்றால் இரண்டில் எது மலிவோ அதை எடுக்கலாம், சாதாரணப் பேச்சுக்கு இரண்டும் ஒன்றுதான். வருடக்கணக்காக இதே வேலைதான் என்று முடிவு செய்தவர்கள் இந்த விலைக்குப் போகலாம். மெத்தையைத் தனியாக வாங்கி மாற்ற முடியும் என்பதால் ஆயுளும் கூடுதல்.

பயன்படுத்திய கால் சென்டர் ஹெட்செட்கள் மலிவாக விற்பனைக்கு வரும். நல்ல சரக்குதான், ஆனால் ஒயர் பாதியில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் இணைப்போடு நின்றுவிடும். ஆபீஸ் போனில் மாட்டுவதற்கான அமைப்பு அது. கணினிக்குக் கொண்டுவரத் தனி யூ.எஸ்.பி. ஒயர் வேண்டும், பிளான்ட்ரானிக்ஸ் ஒயர் ஜாப்ராவில் சேராது. பிறர் காதில் கிடந்த மெத்தையை மாற்றாமல் போடவும் கூடாது. எல்லாம் கூட்டினால் புதிதின் விலையே வந்துவிடும்.

எங்கே வாங்குவது?

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மாட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம். பெயர் பெற்ற பிராண்டு பாதி விலைக்குச் சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் ஹெட்செட்டில் உள்ளதும் ஒன்றா, வாரண்டி கம்பெனியுடையதா கடைக்காரருடையதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆபீஸில் பணம் திரும்பக் கேட்கவும் அதுதான் வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்பதையும், பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, வெறும் மாற்றுப் பொருள்தானா என்பதையும் பாருங்கள். பல நேரம் இரண்டாவதுதான். பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்வது என் வழக்கம். சிக்கல் வந்து விற்பவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கெடு போய்விடும்.

ஹெட்செட்டைச் செருகி, கணினியின் ஒலி அமைப்பில் பேசுவதற்கும் கேட்பதற்கும் அதையே தேர்ந்தெடுங்கள். பல நேரம் கேட்பது ஹெட்செட்டிலும், பேசுவது லேப்டாப்பின் சொந்த மைக்கிலும் நடந்துகொண்டிருக்கும். உறுதிப்படுத்த, தண்டு மைக்கை விரலால் லேசாகத் தட்டுங்கள். அளவுக் கோடு துள்ளினால் சரி. நீங்கள் கால் எடுக்கும் மென்பொருளான டயலர் பிரௌசரில் ஓடுகிறது என்றால் அங்கேயும் மைக் அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் ஒலிப்பதிவு செயலியைத் திறந்து ஒன்றரை நிமிடம் பதியுங்கள். முதல் பத்து நொடி பேசாமல் இருங்கள். பிறகு தினமும் சொல்கிற வரவேற்பு வசனத்தைச் சொல்லுங்கள், ஒரு பதினாறு இலக்க எண்ணைப் படியுங்கள், ‘பில் பேமென்ட் பெண்டிங்’ என்று மூன்று முறை சொல்லுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதையே மறுபடி. வீட்டில் ஒருவரை மிக்சி போடச் சொல்லி மறுபடி. தலையை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே கொஞ்சம் பேசுங்கள்.

இப்போது அந்தப் பதிவை அதே ஹெட்செட்டில் கேட்காமல், போனில் போட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் அப்படித்தானே கேட்பார்? பேசாத பத்து நொடியில் இரைச்சல் பெரிதாகக் கேட்டால், ‘பில்’ வெடித்தால், தலை திருப்பும்போது குரல் தேய்ந்தால், முதலில் மைக்கை நகர்த்திப் பாருங்கள், ஒலி அமைப்பில் மைக் அளவை நூறிலிருந்து எழுபது, எண்பதுக்கு இறக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, நாலு மணி நேரம் தொடர்ந்து மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். பெட்டிக்குள் திரும்ப வைக்கிற முடிவு பாதிப் பேருக்கு இந்தச் சோதனையில்தான் வருகிறது.

கொஞ்சம் பராமரிப்பு

ஹெட்செட் சாவது பெரும்பாலும் ஒயரில்தான், அதிலும் செருகும் முனையில் அல்லது காதோடு சேரும் இடத்தில். ஒயரை ஹெட்செட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், பெரிய வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். சுழல் நாற்காலியின் சக்கரம் ஒயர் மேல் ஏறாமல் மேசை விளிம்பில் ஒரு கிளிப் போடுங்கள். என் இரண்டாவது ஹெட்செட் அந்தச் சக்கரத்தில்தான் போனது, வாங்கி ஏழே மாதத்தில், வாரண்டிக்காரர்கள் நசுங்கிய இடத்தைப் பார்த்ததும் சிரித்தே விட்டார்கள். மெத்தையையும் மைக்கின் பஞ்சையும் வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள். வீட்டில் யார் கேட்டாலும் இரவல் கொடுக்காதீர்கள்.

பழைய ஜாக் ஹெட்செட் வேலை செய்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். என் மேசை இழுப்பறையில் அப்படி ஒரு அறுநூறு ரூபாய் ஹெட்செட் இன்னும் கிடக்கிறது. போன மாதம் ஒரு கோபக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது யூ.எஸ்.பி. திடீரென்று ஊமையாகிவிட்டது. இழுப்பறையைத் திறந்து பழசை மாட்டி ஜாக்கைச் செருக எனக்குப் பத்து நொடி ஆயிற்று. அவர் திட்டிக்கொண்டே இருந்ததால் நான் போய் வந்ததைக் கவனிக்கவில்லை.